தொட்டால் டீ

தோசையைப் பிய்ப்பதற்கு முன் நான் ஒரு கணம் நின்று, மூச்சை இழுத்து விட்டு, பிறகுதான் கை வைப்பேன். என் மனைவி அருணாதேவி இதை உங்களிடமும் சொல்வாள். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவள், இன்ஸ்பெக்டர் கேட்டால் விடுவாளா. "சாப்பிடுறீகளா, இல்ல அதுக்கும் குறி பாக்குறீகளா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சார், அன்று அந்தத் தோசை அவ்வளவு ருசியாக இருந்தது.

எல்லாம் கோலால் பந்தைக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் வந்த பழக்கம். திருத்தங்கலில் என் அச்சகத்துக்கு எதிர் மாடியில் ரத்தினசாமி ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை போட்டிருக்கிறார். பகலெல்லாம் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துவிட்டு மாலையில் அங்கே போவேன். முன்பெல்லாம் கண்டபடி அடிப்பேன், கண்டபடி தோற்பேன். போன வருடம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அடிப்பது பெரிய விஷயமில்லை, அடிப்பதற்கு முன் செய்வதை எப்போதும் ஒரே மாதிரி செய் என்றார் அதில் ஒருவர். பந்துக்குப் பின்னால் நின்று கோடு பார்க்க வேண்டும். கோலின் நுனியில் சாக் கட்டி தேய்க்க வேண்டும். குனிந்து, கோலை மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒரு மூச்சு விட்டு, அடிக்க வேண்டும். பைத்தியம் பிடித்தவன் போலப் பழகினேன். பிறகு பந்துகள் தாமாகவே குழியைத் தேடிப் போக ஆரம்பித்தன. மாடிப்படி இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. இந்த வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் அன்பரசன் ஆட வந்தான்.

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். அவன் அப்பா எங்கள் காட்டில் கூலி வேலை பார்த்தவர். என் அப்பா அவரைக் கொல்லைப் பக்கமே நிறுத்திப் பேசுவார். நான் அப்படி இல்லை. அன்பரசனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அவன் என்னை ஜெயித்துக்கொண்டே இருந்தான். ஜெயித்துவிட்டு, "அடுத்த ஆட்டம் நீங்கதான் அய்யப்பண்ணே" என்று ஆறுதல் வேறு சொல்வான். அந்த ஆறுதல் எனக்குத் தாங்கவில்லை. இந்த நிலைமையில் ரத்தினசாமி கோப்பைப் போட்டி அறிவித்தார். அந்தக் கோப்பை எனக்கு வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அவனைக் கவனித்தேன். வீடியோ எதுவும் பார்க்காமலேயே அவனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. குனிவதற்கு முன் மேஜை மூலையில் இருக்கும் பித்தளைத் தகட்டை உள்ளங்கையால் தொடுவான். தொட்டு அடித்தால் பிசகாது. என்னவென்று கேட்டேன்.

"மருந்து கலக்குற செட்டு வாசல்ல செம்புத் தகடு இருக்கும்லண்ணே. அதத் தொட்டுட்டுத்தான் உள்ள காலு வைக்கணும். உடம்புல இருக்க கரண்டு அதுல எறங்கிரும். இல்லன்னா மருந்து பத்திக்கிரும். தெனம் தொட்டுத் தொட்டு, இங்கனயும் கை தானாப் போகுது."

எனக்குள் ஒரு மத்தாப்பு கொளுத்தியது போல இருந்தது. அந்தத் தொடுதலை எடுத்துவிட்டால் அவன் ஆட்டம் சரிந்துவிடும்.

"மத்ததெல்லாம் சரிலே அன்பு. அதத் தொடும்போதுதான் தோளு சாயுது. விட்டேன்னா, மதுரையிலகூட ஒன்னைய ஜெயிக்க ஆளு கெடையாது" என்றேன். நம்பினான். விளையாட்டாக ஒரு அபராதம் வைத்தோம். தொட்டால் எல்லோருக்கும் அவன் டீ வாங்க வேண்டும். அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவன் கை உயர்ந்ததுமே மாடி முழுக்க "டீ" என்று கத்துவோம். அவன் வெடுக்கென்று கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பான். எங்கள் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான்.

பந்துகள் அவனுக்குத் தவற ஆரம்பித்தன. போட்டிக்குச் சில நாட்கள் இருக்கும்போது முகம் வெளிறி வந்தான்.

"அண்ணே, இன்னைக்குச் செட்டுலயும் தொட மறந்துட்டேன். போர்மேன் முனியராஜ் பாத்துட்டு ஏசிட்டாரு. சினேகா கேட்டா உசுர விட்ருவா. இந்த வெளையாட்ட நிப்பாட்டிக்கிருவமா?"

சினேகா அவன் மனைவி, அப்போது மாசமாக இருந்தாள். நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ஒரு வாசலில் மறந்த கை இன்னொரு வாசலில் நினைவு வைத்துக்கொள்ளாது. பழக்கம் எப்படி வேலை செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தொடாமல் இருக்க அவன் கை இப்போதுதான் படிந்திருக்கிறது.

"போட்டி முடியட்டும்லே. அங்க தொடு, இங்க தொடாத. அம்புட்டுதான்" என்றேன். அன்று எல்லோருக்கும் டீ நான் வாங்கினேன்.

இறுதி ஆட்டம். கருப்புப் பந்தைப் போட்டவருக்குக் கோப்பை. அது குழியின் வாயிலேயே நின்றது, குழந்தைகூடத் தள்ளிவிடும். அவன் கை தகட்டை நோக்கி உயர்ந்தது. மாடியே "டீ" என்று கத்தியது. சிரித்துக்கொண்டே கையைக் கீழே போட்டான், குனிந்து அடித்தான், பந்து விளிம்பில் மோதித் திரும்பியது. நான் கோடு பார்த்தேன், சாக் தேய்த்தேன், மூச்சு விட்டேன், போட்டேன். கோப்பையைப் பைக்கின் முன்னால் கட்டிக்கொண்டு சிவகாசி வரை ஹாரன் அடித்தபடி போய் வந்தேன்.

மறுநாள் காலை கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மருந்து செட்டு வெடித்த செய்தி வந்தது. உள்ளே அவன் ஒருவன்தான் இருந்திருக்கிறான். தூரத்தில் வேலை பார்த்த அய்யம்மாள் துஷ்டி வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதாள்.

"வாசல்ல கையத் தூக்குனான்யா. பெறவு என்னத்த நெனச்சானோ, தானாச் சிரிச்சிக்கிட்டே கீழ போட்டுட்டு உள்ள போயிட்டான்."

எதற்குச் சிரித்தான் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கையைக் கீழே போடப் பழக்கியவன் நான். என்ன ஆகும் என்று தெரிந்தே பழக்கினேன். கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். பேனாவைத் தொடும் முன் ஒரு மூச்சு மட்டும் விட்டுக்கொள்கிறேன்.

ஒன்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள் சார். ரத்தினசாமி கோப்பையைத் திருப்பிக் கேட்கிறாராம். அது நியாயமில்லை. கருப்புப் பந்தை அன்பரசன் தானாகத்தான் தவறவிட்டான், அந்த ஆட்டத்தை நான் நேர்மையாகத்தான் ஜெயித்தேன்.