உடைஞ்ச கண்ணாடின்னு சொன்னது

— எங்க பொண்ணு மூளை உடைஞ்ச கண்ணாடின்னு சொன்னது நீங்கதானே, ஜாஸ்மின் மேடம்? இதே அடையாறு தெரபி சென்டர்ல, இதே நாற்காலியில உக்காந்து?

— நான்தான் சொன்னேன், தௌஃபீக் சார். அப்ப தெரபிஸ்ட் எங்களுக்கே அப்படித்தான் பாடம்.

— இப்ப பாடம் மாறிடுச்சா? நாளைக்குப் பொண்ணை ஹாஸ்டல்ல விடப் போறோம். ஜுவேரியாவோட பெட்டி கட்டியாச்சு. இன்னிக்குக் கூப்பிட்டு வேற கதை சொல்றீங்க.

— விடறதும் விடாததும் உங்க முடிவு. ஆனா "அவளுக்கு ஒண்ணும் உறைக்காது, ஏங்க மாட்டா"ன்னு என் பேச்சை நம்பி விடாதீங்க. கொஞ்சம் கேளுங்க சார். முதல்ல குரங்கு மூளையில ஒரு வகை செல்லைக் கண்டுபிடிச்சாங்க. குரங்கு தானே கடலையை எடுத்தாலும் அந்த செல் துடிக்குது, வேற யாரோ எடுக்கறதைப் பார்த்தாலும் துடிக்குது. கண்ணாடி நியூரான்னு பேர் வச்சாங்க. மனுஷனுக்கு இரக்கம் வர்றதே இதாலதான், ஜுவேரியா மாதிரி ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்கு இது உடைஞ்சிருக்குன்னு ஒரே பேச்சு. நானும் அதைத்தான் உங்ககிட்ட சொன்னேன்.

— அப்புறம்?

— அப்புறம் நிறையப் பிள்ளைங்களைச் சோதிச்சுப் பார்த்தாங்க. உடைஞ்சதுன்னு நிரூபணம் ஆகல. செல்லே இல்லைன்னு யாரும் சொல்லல சார். இரக்கம் மொத்தத்தையும் அது தலையில கட்ட முடியாதுங்கறாங்க.

— இன்னா மேடம் இது, என் தி.நகர் கடையில பழைய ஸ்டாக்கை மாத்துற மாதிரி மாத்துறீங்க. ஆஃப்ரீன், நீயே சொல்லு. அந்த மூலையில பொம்மைக் கார் சக்கரத்தைச் சுத்திக்கினு கீறாளே, இவ என்னிக்காவது உன் மூஞ்சியைப் பார்த்திருக்காளா?

— இல்லைங்க.

— கேட்டுக்கோங்க மேடம்.

— ஆனா, ஏங்க, அவளுக்குப் புரியாதுன்னுதானே அவ எதிர்லயே எல்லாம் பேசினோம்? ஹாஸ்டல் பேச்சு, நம்ம சண்டை, எல்லாமே. உங்க குரல் ஏறுனா பக்கத்து வீட்டுக்குக் கேக்குமேன்னு நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். மேற்கு மாம்பலம் சந்து, எதுவும் மறைக்க முடியாது. அவ பாட்டுக்குத் தரையைப் பார்த்துக்கினு இருப்பா.

— அதான் சொல்றேன், அவளுக்கு எதுவும் ஏறல.

— சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க.

— எப்படி மேடம் மெதுவா பேசுறது? இத்தனை வருஷமா இவ மனசு கல்லுன்னு நெனைக்க வச்சீங்க. அந்த தைரியத்துலதான் பெட்டி கட்டினேன். இப்போ வந்து எல்லாம் தெரியும்னா, நான் இவளுக்கு இன்னா பதில் சொல்றது?

— ஏங்க, அங்க பாருங்க.

— இன்னா?

— சக்கரத்தைக் கீழ வச்சுட்டு எழுந்துட்டா. ஜன்னலைச் சாத்துறா, உங்க பொண்ணு.