கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி

அந்த மின்விசிறியை அணைத்துவிடலாமா, மேடம்? தை மாதத்து மைசூருக்கு அது தேவையில்லை. அதன் இறக்கை ஒன்று எங்கேயோ உரசுகிறது. வாழ்நாள் முழுக்க ஒலிப்பதிவு அறைகளில் இருந்தவன் என்பதால் இதெல்லாம் எனக்குப் பெரிதாகக் கேட்கும். நன்றி. நீங்கள் கொள்ளேகால்காரர் என்பதால் தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். அதற்கும் நன்றி. கன்னடம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் முரளியைப் பற்றிக் கன்னடத்தில் பேச வராது.

என் பெயர் வேலாயுதம். பேஸ் கிட்டார் வாசிப்பவன். சினிமாப் பாட்டுப் பதிவுகளுக்கு வாசித்தேன், முதலில் சென்னையில், பிறகு பெங்களூரில். நீங்கள் கல்யாண வீடுகளில் கேட்டு வளர்ந்த சில பாட்டுகளில் நான் இருக்கிறேன். கேசட் உறையில் என் பெயர் இருக்காது. காலையில் போவோம், முன்னால் வைத்த நோட்ஸைப் பார்த்து வாசிப்போம், பாட்டு எந்தப் படத்துக்கு என்றுகூடக் கேட்காமல் வீடு திரும்புவோம். கம்ப்யூட்டரே பேஸ் வாசிக்கத் தொடங்கியதும் கூப்பிடுவது நின்றுபோனது. இங்கே அக்ரஹாரம் பகுதியில் அப்பா கட்டிய வீட்டுக்கு மனைவியோடு வந்து சேர்ந்தேன். ஜோதிமணி போய் நான்கு வருடமாகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தினமும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போவேன். ஒரு வெள்ளரிக்காய், இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி பீன்ஸ். நிறைய வாங்கிவிட்டால் மறுநாள் போகக் காரணம் இருக்காது. "யாகே சார், ஒந்தே ஒந்தா?" என்று காய்க்கார அம்மா சிரிப்பார். ஏன் சார், ஒன்றே ஒன்றா என்று. பல நாட்களில் என்னிடம் யாரேனும் பேசியது அவ்வளவுதான். இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டீர்கள்.

தசரா முடிந்த வாரம் முரளிதரன் போன் செய்தான். கல்லூரி நாட்களில் நாங்கள் நால்வர் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். முரளி பாடுவான், பாட்டும் எழுதுவான். பசவராஜ் டிரம்ஸ். மோகனப்ரியா கீபோர்டு. மைசூரில் நாங்கள் வாசிக்காத கணபதிப் பந்தல் இல்லை. பிறகு முரளி கோயம்புத்தூரில் வங்கி வேலைக்குப் போனான். பசவராஜ் ஹாசனில் மாமனார் கடையைப் பார்த்துக்கொண்டான். மோகனா பெங்களூரில் பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். இசையோடு பிழைத்தவன் நான் ஒருவன்தான்.

"டேய் வேலா, நம்ம பாட்டெல்லாம் நம்மளோடயே போயிடக் கூடாதுடா. ஒரு ஆல்பம் போட்ருவோம். நீதான் ஸ்டூடியோ ஆளு, நீ சொல்லு எங்க வரணும்னு" என்றான்.

மைசூர் ஹெப்பாளில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், கிரண் என்பவர் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கம்பெனி பஸ்கள் போகும்போது மட்டும் பதிவை நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே ஏற்பாடு செய்தேன். மூவரும் என் வீட்டிலேயே தங்கினார்கள். மாடியில் மோகனா, கூடத்தில் நாங்கள் மூன்று பேர். பசவராஜின் குறட்டை, முரளி காலையில் குளித்துக்கொண்டே பாடுவது, மோகனா உப்பு டப்பாவைத் தேடி அலமாரியைத் திறந்து மூடுவது. அந்த வீட்டில் இத்தனை சத்தம் இருக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பதிவு நன்றாகவே போனது. அதுதான் சிக்கல். நான் நினைத்ததைவிட வேகமாகப் பாட்டுகள் முடிந்தன.

என் பகுதி சரியில்லை, இன்னொரு முறை வாசிக்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். கிரணுக்கு ஆச்சரியம். "சார், சூப்பரா பந்திதே, எதுக்கு மறுபடி?" என்பார், நன்றாக வந்திருக்கிறதே என்று. ஒருமுறை கேபிளைத் தளர்த்தி இரைச்சல் வரவைத்தேன். அதில் ஒரு நாள் கிடைத்தது. இன்னொரு முறை தாளம் தப்புகிறது என்று பசவராஜ் மேல் பழி போட்டேன். அவன் குச்சிகளை எடுத்து மறுபடி வாசித்தான். அதற்காக இப்போதும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்புவதாகப் பேச்சு. மோகனா சேலைகளை மடித்து வைக்கத் தொடங்கிவிட்டாள். முரளி மனைவி பொன்னம்மாவோடு போனில் பேசிவிட்டு, "ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்றான். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான் என்பதைக் கவனித்தேன்.

முரளிக்கு இதயத்துக்கு மாத்திரை உண்டு. காலை, மாலை என்று கட்டம் பிரித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்திருந்தான். அவன் மறதிக்காரன். வந்த முதல் நாளிலிருந்தே அந்த டப்பாவை நிரப்பித் தருவது நான்தான். அதே நிறத்தில், அதே அளவில் எனக்கு ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மாற்றி வைத்தேன். விஷம் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அது தவறு, மேடம். நான் அவனுக்குத் தீங்கான எதையும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பதிவில் அவனுக்கு மூச்சு வாங்கியது. சரணத்தில் நீட்டிப் பாட வேண்டிய இடம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டான். மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "மாத்திரை ஒழுங்கா எடுக்கறாரா?" என்று டாக்டர் கேட்டார். "என் கையாலதான் கொடுக்கறேன் டாக்டர்" என்றேன். ஓய்வு வேண்டும், இப்போதைக்குப் பயணம் வேண்டாம் என்றார்.

பொன்னம்மா வந்து அழைத்துப் போகிறேன் என்றார். மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்த நேரம். "நீங்க எதுக்கும்மா அலையணும்? நான் இல்லையா?" என்றேன். "உங்கள நம்பித்தாங்கண்ணா விட்டிருக்கேன்" என்று அழுதார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் என் வாழ்க்கையில் நல்ல வாரங்கள். பசவராஜும் மோகனாவும் ஊருக்குப் போனாலும் சனிக்கிழமை ஆனால் வந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் முரளியும் நானும். அவனுக்குக் கஞ்சி வைப்பேன், தலை துவட்டிவிடுவேன். மார்க்கெட்டில் பை நிறையக் காய் வாங்கினேன். காய்க்கார அம்மாவிடம், வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்டா" என்பான் முரளி.

"சும்மா இரு" என்பேன்.

அவன் ரொம்பவும் தளர்ந்தால் சரியான மாத்திரையைத் திரும்ப வைப்பேன். தெளிந்து ஊர்ப் பேச்சை எடுத்தால் மறுபடி மாற்றுவேன். மிக்ஸரில் ஒலியைக் கூட்டிக் குறைப்பது போலத்தான். காது இருந்தால் போதும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். அவன் சாக வேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் நன்றாகத் தேறியிருந்தான். காலையில் எழுந்து தானே காபி போட்டான். "கிரணுக்குச் சொல்லிடு. வெள்ளிக்கெழம பாடி முடிச்சுடறேன். பொங்கலுக்குப் பேரனப் பாக்கணும்டா" என்றான். மோகனாவுக்கும் பசவராஜுக்கும் அவனே போன் செய்து, வியாழக்கிழமையே வந்துவிடச் சொன்னான்.

அன்று மாத்திரையை மாற்றினேன். இந்த முறை உடம்பு முன்போல ஈடுகொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை காலை, குளியலறை வாசலில் விழுந்தான். நான் அடுப்படியில் அவர்கள் வருவார்கள் என்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. என் கையைப் பிடித்தான்.

முதலில் பசவராஜுக்கு போன் செய்தேன். பிறகு மோகனாவுக்கு. அதன் பிறகு ஆம்புலன்ஸுக்கு. இந்த வரிசையைப் பற்றி நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அவர்கள் தூரத்திலிருந்து வர வேண்டியவர்கள், மேடம். ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருவிலேயே நிற்கும்.

அது வருவதற்குள் முரளி போய்விட்டான்.

பொன்னம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தனியாப் போகாம உங்க மடியில போனாரே, அது போதுங்கண்ணா" என்றார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

கோயம்புத்தூரில் காரியம் முடிந்து மூவரும் மைசூர் திரும்பினோம். முரளியின் துணிமணிகளைக் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அன்று சாயங்காலமே அவர்கள் இருவரும் கிளம்புவதாக இருந்தது. வாசலில் டாக்சி நின்றது. பசவராஜ் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். மோகனா கடைசியாக ஒருமுறை கூடத்தைப் பார்த்தாள். ஜன்னலில் அந்த மாத்திரை டப்பா இருந்தது. எடுத்துத் திறந்தாள்.

"வேலா, இது என்ன மாத்திர? அவனுக்கும் எனக்கும் ஒரே மாத்திரதான். அதுல நடுவுல கோடு இருக்கும், இதுல இல்லையே."

எனக்கு பதில் தயாராக இருந்தது. மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றால் நம்பியிருப்பாள். நம்பி, டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, டாக்சியில் ஏறியிருப்பாள். அதன் பிறகு அவர்கள் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் மிச்சமில்லை. பாட வேண்டிய பாட்டைப் பாட ஆளும் இல்லை.

அதனால் உண்மையைச் சொன்னேன்.

மோகனா அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் பசவராஜ் உள்ளே வந்தான். அவனுக்கும் சொன்னேன். "ஏன்ப்பா, என்ன பேசறே நீ? புத்தி கெட்டுப் போச்சா?" என்றான். பிறகு, "என்னைக் கேட்டிருந்தா நான் இங்கயே வந்து இருந்திருப்பேனே மாராயா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அப்படிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மேடம். ஸ்டூடியோவில் யாராவது கூப்பிட்டால்தான் நாங்கள் போவோம். நாமாகக் கேட்டுப் பழக்கமில்லை.

டாக்சியைத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வரும்வரை மூன்று பேரும் அந்தக் கூடத்திலேயே இருந்தோம். யாரும் எழுந்து போகவில்லை.

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். முரளிதரனின் மாத்திரையை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். பல முறை. அதனால்தான் அவன் இறந்தான். ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

ஆனால் இன்று காலை வக்கீல் வந்தார். போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது என்றார். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும், சாட்சிகள்கூட வர வேண்டியிருக்காது என்றார். மறுத்தால் வருடக்கணக்கில் இழுக்குமாம். பசவராஜும் மோகனாவும் சாட்சி சொல்ல மைசூருக்கு வந்துபோக வேண்டியிருக்குமாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், மேடம். நீதிபதி கேட்கும்போது, நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.