ஐந்தாவது சுமங்கலி

பிள்ளைகளே, நேற்று ஆரணியில் வேலூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு பெண், பக்கத்தில் அவளோடு வேலை செய்கிற பையன் போலும். அவள் திடீரென்று கேட்டாள்:

"நாளைக்கு என் கையால மஞ்சள் பூசினா, அந்தக் கல்யாணப் பொண்ணு வாழ்க்கைக்கு எதனா ஆயிடுமா, சேகரு?"

"ஒன்னும் ஆவாது. போன வாரம் படத்துல பாத்தோமே! பொய்யா புருஷன் பொண்டாட்டின்னு சொல்லிகினு எத்தினி கூத்து! நீயும்தான் சிரிச்ச."

"அது படம். தனிப் பொண்ணுக்கு வீடு தரமாட்டேன்னாங்கன்னு, உன்னப் புருஷன்னு சொன்னேன். மஞ்சக் கயிறுகூட நானே கடையில வாங்கிக் கட்டிகினது. இப்ப ஓனரக்கா பொண்ணுக்கு நலங்கு வெக்க அஞ்சு சுமங்கலில என்னையும் சேத்துட்டாங்க. உண்மையச் சொல்லிடலாம்னு இருக்குடா."

"உண்மையச் சொன்னா வீடு போயிடும்."

"போவட்டும்."

கண்ணமங்கலம் தாண்டியதும் போன் செய்தாள். "அக்கா, எனக்குக் கல்யாணமே ஆவல" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றான் அவன்.

"ஒரே திட்டு. மாசக் கடைசில காலி பண்ணணுமாம்."

"கல்யாணத்துக்கு?"

"கண்டிப்பா வரணுமாம். 'கல்யாணம் ஆவாதவதான நீ, என் பொண்ணுக்குத் தோழியா பக்கத்துல நில்லு'ன்னாங்க."