அந்த ‘ள்’ளை வைத்தது யார்?

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பிற்குரிய அனந்தராமன் அவர்களே! இந்த மராட்டிய மண்ணில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் கந்தகப் புகையிலும் கன்னித்தமிழைக் கைவிடாத பெரியோர்களே! கராடியிலிருந்து வாகன நெரிசலில் நீந்தி வந்திருக்கும் இளையோரே! “தமிழ்ல பேசு” என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டே அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சியாமளாவின் வணக்கம்.

இன்று நம் சங்கத்தின் விருதைப் பெற வந்திருக்கும் சந்துரு யார்? ஆணை நேசிக்கும் ஆண்களின் கதையை, கொலையும் குருதியும் பேயும் பிசாசுமாக எழுதிக் குலைநடுங்க வைப்பவர்! முதல் நாவலைக் கொண்டுபோனபோது ஒரு பதிப்பாளர் என்ன சொன்னார் தெரியுமா? “பேய் இருக்கட்டும் தம்பி. அந்த ரெண்டாவது பையனைப் பொண்ணா மாத்திடுங்க.” மாற்றினாரா? மாட்டேன் என்றார்! கராடியில் கணினி வேலை பார்த்துக்கொண்டே, தாமே இணையத்தில் வெளியிட்டார். இன்று ஒன்பது நாவல்கள்!

அவற்றில் ‘அவனைத் தேடி அவன்’ படித்து அதிர்ந்துபோனேன். காணாமற்போன காதலனை ஒருவன் ஊரெல்லாம் தேடுகிறான். செத்துப்போன அந்தக் காதலனோ, பட்டப்பகலில், தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்தில், தன் வீட்டுக் கதவைத் தட்டி “அம்மா” என்கிறான். உள்ளிருந்து தாயின் குரல் வருகிறது. தமிழில் அல்ல! “கோன் ஹை?” யாரது என்று ஹிந்தியில்!

என்ன சிரிப்பு அங்கே? பேய்க்கு ஹிந்தி தெரியுமா என்றா? நானும் சிரித்துக்கொண்டேதான் சந்துருவிடம் கேட்டேன், “எப்படிப்பா இப்படியெல்லாம் தோணுது?” என்று.

“தோணல ஆன்ட்டி. அது எங்க வீட்டுக் கதவு. ராஜாவோடதான் வாழப்போறேன்னு சொல்லிட்டு வந்தேன்ல, அதுக்கப்புறம் ஒருநாள் போனேன். அம்மா என்கிட்ட ஹிந்தில பேசினது அன்னிக்குத்தான்.”

கேட்டீர்களா? காய்கறிக்காரரிடம் பேசும் மொழியை, ஆட்டோக்காரரிடம் பேசும் மொழியை, பெற்ற தாய் பிள்ளையிடம் பேசினாள்! எந்தப் பேய்க்கதையில் உண்டு இந்தப் பயங்கரம்?

அந்த அதிர்ச்சியே ஆறவில்லை. இன்று மேடையேறித் திரும்பினேன், பேனரைப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்! ‘அவனைத் தேடி அவள்’! யாரய்யா அந்த அவள்? எங்கிருந்து வந்தாள்? கேம்ப் கடைத்தெருவில் இதை அச்சடித்த மராட்டியர் மேல் பழி போடலாமா? அவர் கொடுத்ததை அடித்தார். இதோ, நம் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் சொல்கிறார்: “எழுத்துப்பிழைன்னு நெனச்சுண்டு நான்தான் திருத்தினேன்.” புத்தகத்தைப் படித்தீர்களா ஐயா? “அட்டையப் பார்த்தேன்.”

பதிப்பாளர் கேட்டும் கொடுக்காத எழுத்தை நாம் கேட்காமலே பறித்துவிட்டோம்! அந்தத் தாய் ஹிந்தியில் சாத்திய கதவை, நாம் நல்ல தமிழில் சாத்தியிருக்கிறோம்! சொல்லவே வெட்கமாக இருக்கிறது எனக்கு.

விருது வேண்டாம் என்று சந்துரு எழுந்துவிட்டார். இருப்பா, கொஞ்சம் இரு. யாரிடமாவது மார்க்கர் இருக்கிறதா? கொடுங்கள். லக்ஷ்மிநாராயணன் ஐயா, நீங்களே நாற்காலியில் ஏறுங்கள். தலைவர் பிடித்துக்கொள்வார். ம், அந்த ‘ள்’ளை அடியுங்கள். பக்கத்தில் ‘ன்’ எழுதுங்கள். பெரிதாக! கடைசி வரிசைக்கும் தெரியட்டும்!

கடைசி வரிசையில்தானே, சந்துருவின் பையை மடியில் வைத்துக்கொண்டு ராஜா உட்கார்ந்திருக்கிறார்?

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. பிழையைத் திருத்திய கைக்கும் நன்றி. விடைபெறும் வணக்கத்தைச் சந்துரு, ராஜா இருவருக்குமே சொல்லி அமர்கிறேன். கதவைத் தட்ட வேண்டாம் ராஜா, மேடைக்கு வாப்பா. சந்துரு, நீயும் வா. ரெண்டு பேரும் உள்ள வாங்க.