மெஷினும் லத்தீனும்

ஐம்பதுகளில் ஒரு நாள், காரைக்கால் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவளுடைய தாய்மாமாவும். திருச்சிக் கல்லூரியில் அவளை லத்தீன் படிக்கச் சேர்க்கப் புறப்பட்டவர்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா திடீரென்று சொன்னார்:

“வீட்டுக்கே திரும்பிடுவோம்மா. அமெரிக்காவுல ஒரு மெஷினுக்கு இலக்கணத்தைச் சொல்லிக்குடுத்துட்டானாம். ஒரு பாஷையை இன்னொரு பாஷையா அதுவே மாத்திடுதாம். இனிமே நீ படிச்சு என்ன ஆவப்போவுது?”

“அதுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு மாமா? இலக்கணம் படிச்ச மனுசங்கதானே?”

“மாதா கோயில் பூசையில பாடுற அளவுக்கு லத்தீன் தெரியுதுல்ல, அது போதும்.”

“பாடுறேன். என்ன பாடுறேன்னு தெரிய வேணாமா? அர்த்தம் தெரியாம ஒப்பிக்கிறதுக்குத்தான் மெஷின் வந்துடுச்சே! அண்ணன் வக்கீலுக்குப் படிக்கப் போனப்ப எந்த மெஷினும் குறுக்க வரலியே?”

“பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு கோவம் ஆவாது.”

அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. “எந்த ஊருங்க?” என்று டிக்கெட் கொடுப்பவர் கேட்டார். மாமா பேப்பரை மடித்துக்கொண்டே நின்றார்.

“மெஷின் வந்து சொல்லும்னு நிக்கிறீங்களா மாமா? திருச்சின்னு சொல்லுங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“திருச்சிக்கு ரெண்டு” என்றார் மாமா, அவளைப் பார்க்காமலே.