தலை தாழாத கிற்றார்

அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஆசிரியை மங்கையற்கரசி அவர்களே, என் அறுபத்தெட்டு வயதுக் கையைப் பிடித்து அகரம் எழுத வைத்த அம்மையே, வணக்கம். நாவற்குடா முதியோர் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டுமே என்று மணிக்கூட்டைப் பார்க்கும் பெரியோரே, காத்தான்குடியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் நண்பர் மர்சூக் அவர்களே, அனைவருக்கும் இந்தக் கோணாமலையின் வணக்கம்.

பெருமைப்பட்ட ஒரு நாளை எழுதி வாருங்கள் என்றார் ஆசிரியை. பதினொரு நாள் எழுதினேன். மெதுவாகத்தான் வாசிப்பேன்; நீங்களும் மெதுவாகக் கேளுங்கள்.

என் மகள் கண்ணகையின் கணவர் கனகசிங்கம், கல்லடி இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவர். பாட்டுக்கு அடியில் நின்று 'தும் தும்' என்று பாரம் சுமக்கும் வாத்தியம் அது. நான் நாற்பது வருடம் தோளில் காவுதடி வைத்து, இரு முனையிலும் கூடை தொங்க மீன் சுமந்தவன். பாரம் சுமப்பவனைப் பாரம் சுமந்தவனுக்குத்தானே தெரியும்?

சண்டையில் செல் வெடித்துச் சிதறிய துண்டு அவருடைய இடது மணிக்கட்டில் பட்டது. விரல்கள் தப்பின; பலம் தப்பவில்லை. கிற்றார் நரம்பை அழுத்தலாம், அதன் கழுத்தைத் தாங்க முடியாது. அந்தக் கிற்றாருக்கோ தலை பாரம். நிமிர்த்தினால் தாழும், மறுபடி நிமிர்த்தினால் மறுபடி தாழும். ஆகவே கதிரையில் உட்கார்ந்து, மடியில் வைத்து வாசித்தார்.

போன ஆடியில், அமிர்தகழித் திருவிழாவுக்கு முன், குழுத் தலைவர் நல்லரத்தினம் வீட்டுக்கு வந்தார். "கனகு, எல்லாரும் நிண்டு வாசிக்கக்க நீ மட்டும் கதிரையில இருந்தா வடிவில்ல. இந்த முறையும் நிக்க ஏலாட்டி வேற ஆள்தான் பாக்கணும்" என்றார். கையின் பலம் போனபோது அழாத மருமகன், அன்று சோறு தின்னவில்லை.

நான் சும்மா இருப்பேனா? வள்ளக் கயிற்றைத் தோள்வாராகக் கட்டினேன். தலை தாழ்ந்தது. காவுதடி ஒரு பக்கம் தாழ்ந்தால் மறுபக்கம் பாரம் வைப்போம் அல்லவா? வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகள் பன்னிரண்டை எடுத்துக் கிற்றாரின் அடியில் கட்டினேன். தராசுபோல நின்றது. எவ்வளவு பெரிய மூளை எனக்கு!

சிரிக்கிறீர்கள். சோதனைச் சாவடி ஞாபகம் வந்துவிட்டது உங்களுக்கு. எனக்கு வரவில்லையே.

திருவிழாவன்று, கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் சிப்பாய் கிற்றார் உறையைத் திறந்தான். ஈயக் குண்டுகளைக் கண்டான். அவன் துவக்கு எங்களை நோக்கி நிமிர்ந்தது. எனக்குத் தெரிந்த சிங்களம் ஒரு சொல்தான். "மாளு, மாளு" என்றேன். மீன், மீன். அவன் கிற்றாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதால மீன் பிடிக்கிறதா, சீயா... தாத்தா?" என்று அரைத் தமிழில் கேட்டுச் சிரித்தான். சிரித்தாலும் ஈயத்தை விடவில்லை. நாங்கள் பாலம் கடந்தோம். பாரம் அங்கேயே நின்றுவிட்டது.

நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்தான். மருமகன் சொன்னார்: "மாமா, கிறுகி வீட்ட போவம்."

அப்போது சந்தை வழியில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார் மர்சூக். என்னிடம் மீன் வாங்கியவர். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. எங்கள் தமிழ் ஊருக்கும் அவருடைய முஸ்லிம் ஊருக்கும் இடையில் ஓடிய இரத்தத்தை இந்த மேடையில் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

"அஞ்சு வருசமா இந்தப் பக்கம் பாக்காத ஆள், வெறுங்காலோட கிற்றாரையும் தூக்கிட்டு வாறீங்க. காலுக்கா, கிற்றாருக்கா, எதுக்கு நான் செருப்புத் தைக்க?" என்றார்.

"ரெண்டுக்குமில்ல மர்சூக். இந்தப் புள்ளைக்கு ஒரு வார் வேணும்."

ஓம் மர்சூக், முன்வரிசையில இருந்து தலையை ஆட்டாதீங்க, அப்படித்தான் கேட்டேன்.

அவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது வழுக்குது, அதான் தலை இழுக்குது" என்று நாலு விரல் அகலத் தோலை எடுத்தார். வழுவழுப்பு மேலே, சொரசொரப்பு கீழே. சட்டையைக் கவ்விப் பிடிக்க. நான் இடம் காட்டினேன். காவுதடியில் பாரமான பக்கத்துக்குத் தோளைக் கிட்டவாக்குவோம். அதுபோல, கழுத்தின் அடியில் இருந்த, வார் மாட்டும் திருகாணியைக் கழற்றி, கிற்றாரின் உடலில் தலைப் பக்கம் நீண்டிருக்கும் கொம்பின் நுனியில் பூட்டச் சொன்னேன். தோல் அவருடையது, இடம் என்னுடையது.

"கழுத்த விட்டுப் பாரு மனே" என்றார் மர்சூக். மருமகன் பயந்து பயந்து கையை எடுத்தார். தாழ்ந்ததா தலை? தாழவில்லை. குலுக்கினார். தாழ்ந்ததா? தாழவில்லை.

அமிர்தகழி மேடையில் ஏழு பாட்டு. ஏழுக்கும் நின்றார் என் மருமகன். நல்லரத்தினம் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் மேடைக்குப் பின்னால் வைத்தார். கண்ணகை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பாட்டு முடிந்ததும் கனகசிங்கம் கிற்றாரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார், குவித்தார், கும்பிட்டார். அந்தக் கிற்றார், பாரத் தலையோடு பிறந்த அந்தக் கிற்றார், தோளில் அப்படியே நிமிர்ந்து நின்றது.

பெரியோரே, ஒரு மனிதன் தலை நிமிர்ந்து நிற்க எவ்வளவு வேண்டும்? நாலு விரல் அகலத் தோல் போதும். ஆனால் வாருக்கு இரண்டு முனை. ஒரு முனையை நாவற்குடா பிடித்தது, மறு முனையைக் காத்தான்குடி பிடித்தது. ஒன்றை விட்டிருந்தால் விழுந்திருப்பது கிற்றார் மட்டுமா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. எழுத்துத் தந்த ஆசிரியைக்கு நன்றி, வார் தந்த மர்சூக்குக்கு நன்றி. இவ்வளவு நேரமும் இந்தத் தாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். இனி வேண்டாம், மேசையில் வைக்கிறேன். என் மருமகன் செய்ததுபோல, இரண்டு கையும் குவித்து, வணக்கம்.