ரென்கெமா நூலகத்தின் பித்தளைப் பலகை

விதை வணிகர், வேத வித்தகர், நம் கல்லூரி ஆட்சிக்குழுவின் அசையாத தூண், விழாத் தலைவர் ஹார்ம் ஊஸ்டிங் அவர்களே! முன்வரிசையில் பெப்பர்மின்ட் மென்றுகொண்டிருக்கும் சபைப் பெரியோர்களே! எங்கள் பாவங்களையும் பட்டாணிச் சூப்பையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! பன்றி வளர்க்கும் சபை மூப்பன் வீபே ஹோஃப்ஸ்ட்ராவின் வணக்கம்.

அயோவாவின் இந்தச் சோளக்காட்டில் பிறந்தவர் டாவே ரென்கெமா. ஆம்ஸ்டர்டாம் போய் அறிஞரானார். பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கடவுளிடமே நியாயம் கேட்ட வேதாகம யோபுவின் துயரைப் பதினோரு ஆண்டுகள் எபிரேயத்தில் ஆய்ந்தார். இருபது ஆண்டுகள் நம் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். கற்றவர், களைப்பறியாதவர், கைதட்டலுக்குக் காத்திராதவர்! அவர் பெயரில் இன்று நூலகம் திறக்கிறோம், அவர் செத்து ஆறு மாதம் ஆன பிறகு! ஆகா, என்ன வேகம்! என்ன விவேகம்!

வாசலில் பித்தளைப் பலகையைப் படித்தீர்களா? “உடல்நலக் குறைவால் பதவி விலகினார்” என்கிறது. எந்த உடல்? என்ன குறைவு? பதவி போன மறுமாதமே என் களத்தில் தீவன மூட்டை சுமந்த உடலா? யாரங்கே “உஷ்” என்பது? பத்து வருடம் உஷ் என்று இருந்தாயிற்று ஐயா!

ஆண்டுதோறும் இரண்டு மூப்பர்கள் வீடு வீடாகப் போய் விசுவாசத்தை விசாரிப்பது நம் வழக்கம். அவர் பதவி போன ஆண்டு ரென்கெமா வீட்டுக்குப் போனவர்கள் நம் தலைவரும் நானும். அவர் மகன் யெல்லே கொரியப் போரில் இறந்து மூன்றே வாரம். அவர் மனைவி யெட்ஸ்கே அம்மா காபி ஊற்றினார்.

“என்ன பிரதர், இது தேவ சித்தம்னு சந்தோஷமா ஏத்துக்கிட்டீங்களா?” என்றார் தலைவர்.

“ஏத்துக்கிட்டேன் ஹார்ம். சந்தோஷமா இல்ல.”

“யோபுவைப் பத்திப் புஸ்தகமே எழுதினவரு இப்படிப் பேசலாமா?”

“எழுதினதாலதான்யா பேசறேன். உன் பையன் வெளியே டிராக்டர் ஓட்டிக்கிட்டு இருக்கான். நீ சந்தோஷமா இரு.”

அவ்வளவுதான்! “முதல்வருக்கு விசுவாசம் தளர்ந்துவிட்டது” என்று ஆட்சிக்குழுவுக்கு எழுதினார் தலைவர். கீழே கையெழுத்திட்ட கோழை யார்? நான்தான்! அந்த மாதமே அவரை நீக்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் சிரிக்கவில்லை என்று வேலையைப் பறித்த வீரர்கள் நாம். தூ! வெட்கம்!

தவறியவர் சபை நடுவே எழுந்து நின்று தன் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்பது நம் சட்டம். கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான எத்தனை பெண்களை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்த்தோம்! இன்று நான் நிற்கிறேன். யெட்ஸ்கே அம்மா, அன்று நீங்கள் ஊற்றிய காபிக்கு நன்றி. எங்களை மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்களே, இப்போது நீங்கள் எழுந்திருங்கள்.